சாப்பாட்டுக் கடையில் போத்தல் தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் வைக்கச் செய்வது எப்படி?

எனக்குத் தெரிந்தது திருகோணமலைக் கடைகள்தான், அதை வைத்தே பதில் சொல்கிறேன். சாப்பிட வருகிற நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். கடைக்காரரின் பயத்தையும் தீர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும்.

என் பெரியப்பா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை வந்தால் மேசை துடைப்பதும் தண்ணீர் வைப்பதும் என் வேலை. விடியப்புறம் முதலில் அடுப்பில் ஏறுவது தண்ணீர்க் கிடாரம்தான், இடியப்பம் எல்லாம் அதற்குப் பிறகு. கொதித்து ஆறியதை ஜக்குகளில் நிரப்பி மேசைக்கு ஒன்றாக வைப்போம். சாப்பிடாமல் ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிற ஆட்டோக்காரர்களும் வருவார்கள், பெரியப்பா யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

இப்போது கடையை அவருடைய மகன், என் அண்ணா, நடத்துகிறார். இரண்டு வருடத்துக்கு முன் போனபோது ஜக் ஒன்றையும் காணவில்லை, எல்லா மேசையிலும் போத்தல். ஏன் அண்ணா என்று கேட்டேன். "ஒருத்தன் வயித்தால போகுது எண்டு வந்து நிண்டா என்ட தண்ணியத்தான் சொல்லுவான். போத்தல் எண்டா சீல் இருக்கு, எனக்குத் தலையிடி இல்ல" என்றார். காசு ஆசையில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அது பெரிய பாடம், ஏனென்றால் பயத்தோடு சண்டை போட்டுப் பலனில்லை, அதற்கு வழிதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். எங்கள் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் பரவிய பிறகு தண்ணீர் என்றாலே ஆட்களுக்கு ஒரு சந்தேகம். ஆனால் அங்கே சந்தேகப்பட்டது பெரும்பாலும் கிணற்று நீரை. நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர், குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்று கதை கேட்டு வளர்ந்தோமே அதே குளம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதை வடிகட்டி, குளோரின் சேர்த்துத்தான் அனுப்புகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் கிணறுகள் வேறு விஷயம். உவர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குழாயா கிணறா என்பது.

குழாய்த் தண்ணீர் கெட்டுப்போகிற இடம் அநேகமாகக் கடையின் மேலே இருக்கிற தாங்கிதான். மூடி உடைந்திருக்கும், அடியில் சேறு படிந்திருக்கும், தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் குளோரினும் குறைந்துவிடும். தாங்கியைக் கழுவி, நல்ல மூடி போட்டு, தண்ணீரை நன்றாகக் குமிழி விட்டுக் கொதிக்க வைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, கை படாமல் குழாய் வைத்த பாத்திரத்திலிருந்து எடுத்தால் போதும். காஸ் செலவு என்று அண்ணா இழுத்தார். மத்தியானச் சோறு இறக்கிய விறகடுப்பில் தணல் கிடக்கிறதே, அதில் கிடாரத்தை ஏற்றுங்கள் என்றேன்.

கணக்கையும் சொன்னேன். 2025 ஏப்ரலில் வந்த கட்டுப்பாட்டு விலைப்படி ஒரு லீற்றர் போத்தல் 100 ரூபா. குழாய்த் தண்ணீரில் ஒரு யூனிற் என்பது 1000 லீற்றர், அவ்வளவையும் போத்தலாக வாங்கினால் ஒரு லட்சம் ரூபா. ஐந்து பேர் வந்து இரண்டு போத்தல் எடுத்தால் 200 ரூபா தண்ணீருக்கே போகிறது, கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது சின்னக் காசா?

அப்புறம் அந்தப் போத்தல்கள். சுற்றுலா சீசன் நாட்களில் எங்கள் டச்சு பே கடற்கரை மணலில் விடிய நடந்து பாருங்கள். இலங்கையில் 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் தட்டு, கரண்டி எல்லாம் தடை செய்தார்கள், தண்ணீர்ப் போத்தல் அதில் இல்லை. பிரான்சில் 2022 முதல் உணவகங்கள் குடிநீர் இலவசமாகக் கிடைக்கும் என்று வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும், சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு பலகை போதும். கோணேசர் கோவில் திருவிழாவில் தாகசாந்தி நிலையத்தில் யார் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கிற சனம்தானே நாங்கள்.

அண்ணா இப்போது வாசலில் "கொதித்தாறிய குழாய்த் தண்ணீர், இலவசம்" என்று எழுதி வைத்திருக்கிறார். கிடாரத்தை உள்ளே ஒளிக்காமல் ஆட்கள் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறார், அதுதான் பேச்சை விடப் பெரிதாக வேலை செய்தது. போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது, கேட்டால் மட்டும் வரும். முதல் கிழமை பாதிப் பேர் ஜக்கைத் தொடவில்லை, இப்போது மத்தியானத்தில் இரண்டு தரம் நிரப்ப வேண்டியிருக்கிறதாம்.

நீங்கள் போகிற கடையில் உட்கார்ந்த உடனேயே, போத்தல் மேசைக்கு வரமுதல், "தம்பி, கொதிச்சாறின தண்ணி இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கோபிக்க வேண்டாம், அடுத்த முறையும் அதே கடைக்குப் போய் அதையே கேளுங்கள்.