வீட்டில் எஸ்பிரசோ: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பரந்தன்: அண்ணா, கையில் கொஞ்சக் காசு இருக்கிறது. இப்போது நல்ல மெசினாக வாங்கிவிட்டு, கிரைண்டரைப் பிறகு பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, மாறிச் செய்யுங்கள். எஸ்பிரசோ என்பது 9 பார் அளவான அழுத்தத்தில் சுடுதண்ணீரைக் கோப்பித்தூளுக்குள்ளால் தள்ளுவது, அந்தத் தூள் ஒரே அளவாக இல்லாவிட்டால் தண்ணீர் இளக்கமான இடம் பார்த்து ஓடிவிடும், பிறகு புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பைக்குள் வந்து சேரும். அலகு சுற்றும் மலிவுக் கிரைண்டர் கொட்டையை உடைக்குமே தவிர அரைக்காது. பல்லுச் சக்கரம் வைத்த, கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் ஒன்று போதும். மெசின் சாதாரணமானதாக இருந்தாலும் பரவாயில்லை.

கிளிநொச்சி: கனடாவிலிருந்து மாமா மெசின் கொண்டுவருகிறாராம். பிளக்கை மட்டும் மாற்றினால் சரிதானே?

சரியில்லை, செருகிவிடாதீர்கள்! அங்கே 120 வோல்ற், இங்கே 230. போட்ட உடனேயே எரிந்துவிடும். வோல்ற் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும், மெசின் 1400 வோற் என்றால் 2000க்குக் குறையாததாக. அதை வைத்தாலும் அங்கத்தைய 60 ஹேர்ட்ஸ் இங்கே 50 என்பதால் மெசினுக்குள் தண்ணீரைத் தள்ளும் அதிர்வுப் பம்ப் கொஞ்சம் மெதுவாகத்தான் அடிக்கும். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ் பக்கமிருந்து யாராவது வந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அங்கே வோல்ற் நம்முடையதுதான்.

வவுனியா: மெசின் வாங்கி ஒரு வருடமாகவில்லை, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம்.

அக்கா, உங்கள் வீட்டுக் கேத்தலின் உள் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகக் கழன்று வரும். அதே படிவுதான் மெசினுக்குள் பென்சில் முனையை விட ஒடுங்கிய குழாய்களிலும் கட்டுகிறது, கேத்தலைத் தேய்க்கலாம், அதைத் தேய்க்க முடியாது. வன்னியில் மெசின்கள் கெதியாகச் சாவதற்கு முதல் காரணம் இந்தத் தண்ணீர்தான் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் அளவில் சிற்றிக் அமிலம் கரைத்து, கையேட்டில் சொன்னபடி மெசினுக்குள்ளால் ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தொட்டி ஓட்டிக் கழுவுங்கள். இனிமேல் கடையில் நிரப்பும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது கனிமங்களை வடித்தெடுத்த தண்ணீர், எடுங்கள். ஆனால் அதை மட்டும் ஊற்றினால் கோப்பி சப்பென்று இருக்கும், சுவையை இழுத்தெடுக்கத் தண்ணீரில் கொஞ்சம் கனிமம் வேண்டும். குடிக்க உகந்த கிணறென்றால் மூன்று பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து தொடங்கிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறென்றால் ஒரு துளியும் வேண்டாம், உப்பு உலோகத்தை அரித்துவிடும்.

மல்லாவி: எவ்வளவு தூள், எவ்வளவு நேரம்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 செக்கன். இதில் தொடங்குங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு கட்டாயம் வேண்டும், கண்மட்டத்தில் அளந்தால் எது பிழைத்தது என்றே விளங்காது. 15 செக்கனில் கொட்டி முடிந்து, நாக்கின் ஓரம் கூசுகிற மாதிரிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். 40 தாண்டி இழுத்துக் கசந்தால் கொஞ்சம் பரும்படியாக. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தூளின் அளவையும் அரைப்பையும் சேர்த்து மாற்றினால் குழம்பிப்போவீர்கள். மாரியில் ஈரப்பதன் ஏறும்போது முதல் கிழமை சரியாக வந்த அரைப்பே பிழைக்கும், பயப்பட வேண்டாம், கிரைண்டரை ஒரு சொடுக்குத் திருப்பினால் போதும்.

அழுத்துவதற்கு முன் மெல்லிய ஊசியால் தூளை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நேராக அழுத்தினால் சரி, உடல் பாரமெல்லாம் போட்டு அமத்தத் தேவையில்லை.

புதுக்குடியிருப்பு: வீட்டில் அம்மா மல்லி, சுக்குப் போட்டு இடித்த கோப்பித்தூளை மெசினில் போடலாமா?

வேண்டாம். அது கொதிதண்ணீரில் போட்டுக் குடிக்கிற கோப்பி, அதற்குரிய சுவை அப்படிச் செய்தால்தான் வரும். மெசினில் போட்டால் மல்லித்தூள் பாஸ்கெட்டின், அதாவது தூள் போடும் துளைக் கிண்ணத்தின், துளைகளை அடைக்கும், மணமும் லேசில் போகாது.

முல்லைத்தீவு: இலங்கைக் கொட்டையில் நல்ல எஸ்பிரசோ வருமா, வெளிநாட்டுக் கொட்டைதான் வேண்டுமா?

வடிவாக வரும். தேயிலைக்கு முதல் இந்தத் தீவின் மலைநாடு கோப்பி நாடாகத்தான் இருந்தது, 1869இல் தெரியவந்த இலைத்துரு நோய்தான் அதை அழித்தது. இப்போது கண்டி, நுவரெலியாப் பக்கத்து அரபிக்கா இனக் கொட்டை கிடைக்கிறது. பைக்கற்றில் வறுத்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வறுத்து ஒரு கிழமை கழித்துத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. நம் வெயிலுக்குக் கண்ணாடிப் போத்தலில் யன்னலோரம் வைக்கவே கூடாது. கனக்க வாங்கினால் சின்னச் சின்னப் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி ஃபிரீசரில் வையுங்கள், வெளியே எடுத்த பையைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

மாங்குளம்: வீட்டு மாட்டுப் பாலில் நுரை வருமா?

வரும் தங்கச்சி. காய்ச்சி ஆறவிட்டு, ஆடையை எடுத்து, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகு மெசினின் ஆவிக்குழாயால் பாலுக்குள் ஆவி விடுங்கள். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு, அதாவது 60 பாகை தாண்டும்போது நிறுத்துங்கள், மேலே போனால் இனிப்புப் போய்விடும். முடிந்த கையோடு ஈரத்துணியால் ஆவிக்குழாயைத் துடைத்து ஒருதரம் வெறும் ஆவியைத் திறந்துவிடுங்கள், பால் உள்ளே காய்ந்து அடைத்துவிட்டால் எடுப்பது பெரிய பாடு.