பாடியது ஆடு அல்ல!
(வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்)

கேள்வி: ஐயா, எனக்கு அறுபது வயது நெருங்குகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது டீச்சர் ஒரு பாட்டுச் சொல்லித் தந்தார். ஓர் ஆடு தன் கதையைத் தானே சொல்வது மாதிரி வரும். ‘மலையும் குதித்து வந்தேன், காடும் கடந்து வந்தேன்’ என்று போகும். நடுவில் ‘ஊராத ஊரிலும் புகுந்தேன்’ என்று ஒரு வரி. ‘வந்தேன்’ வரும்போதெல்லாம் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டுவோம். பேத்திக்குச் சொல்லித்தர ஆசை. மகன் போனில் ‘ஆடு பாட்டு’ என்று தேடிப் பார்த்துவிட்டு, எல்லாம் சினிமாப் பாட்டாகவே வருகிறது என்று விட்டுவிட்டான். ராகமும் சரியாக நினைவில்லை.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மகனைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. ஆட்டைத் தேடினால் அகப்படாது. பாடியது ஆறு.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டு அது. முதல் இரண்டு பத்தியைத் தருகிறேன். வாய்விட்டே படியுங்கள்.

கல்லும் மலையும் குதித்துவந்தேன் – பெருங்
காடும் செடியும் கடந்துவந்தேன்
எல்லை விரிந்த சமவெளி – எங்கும்நான்
இறங்கித் தவழ்ந்து தவழ்ந்துவந்தேன்

ஏறாத மேடுகள் ஏறிவந்தேன் – பல
ஏரி குளங்கள் நிரப்பிவந்தேன்
ஊறாத ஊற்றிலும் உட்புகுந்தேன் – மணல்
ஓடைகள் பொங்கிட ஓடிவந்தேன்

உங்கள் ‘ஊராத ஊரிலும்’ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். நம் பக்கத்துப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘ஊறாத ஊற்று’ என்றால் என்னவென்று விளங்கவும் விளங்காது. ஊர் என்றால் விளங்கும். மலையில் குதிக்கும், காட்டைக் கடக்கும், பிறகு ஊருக்குள்ளும் புகுந்துவிடும் என்றால் அது வெள்ளாடாகத்தானே இருக்க வேண்டும்! கேட்ட வரியை வைத்துக்கொண்டு நீங்கள் நியாயமாகவே ஒரு கதை கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கதைக்குள் அடங்காத வரி மட்டும் உதிர்ந்துவிட்டது. ‘ஏரி குளங்கள் நிரப்பிவந்தேன்’ உங்கள் கடிதத்தில் இல்லை. ஆடு எப்படி ஏரியை நிரப்பும்?

ஆனால் ஓசை உதிரவில்லை என்பதைப் பாருங்கள். ‘ஊராத ஊரிலும்’ என்பதில் பொருள் ஒன்றுமே இல்லை, இருந்தும் ஐம்பது ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது. அதைத் தாங்கி நின்றது எதுகையும் மோனையும்தான். கல்லும் – எல்லை, ஏறாத – ஊறாத என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவரும். ஒவ்வோர் இரண்டடியிலும் கல்லும் – காடும், ஏறாத – ஏரி என்று முதலெழுத்து மோனையாக விழும். ஊகாரமும் ஓகாரமும் மோனைக்கு இனம் என்பதால் ‘ஊறாத’வுக்கு ‘ஓடைகள்’ ஜோடி. இலக்கண வகுப்பில் இதையெல்லாம் மார்க்குக்காக உருப்போட வைத்துக் கசக்கவைத்துவிட்டோம் (நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்). உண்மையில் இவை பிள்ளைகள் வரியைத் தவறவிடாமல் இருக்கப் போட்ட பிடிகயிறு. ஒரு வரி நினைவிருந்தால் அடுத்த வரி எந்த எழுத்தில் தொடங்கும் என்று நாக்குக்கே தெரியும்.

மூன்றாம் அடியைக் கவனியுங்கள். ‘எல்லை விரிந்த சமவெளி – எங்கும்நான்’. அங்கே ‘வந்தேன்’ கிடையாது, பெஞ்சைத் தட்ட இடமும் கிடையாது. இந்தப் பாட்டை அரைகுறையாகச் சொல்லும் பலர் அந்த அடியில்தான் வழுக்கி, நேராக ‘ஏறாத மேடுகளுக்கு’ப் போய்விடுவார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த அடி காணோம்.

இனி ராகம். உங்கள் டீச்சர் பாடிய மெட்டு எந்தப் புத்தகத்திலும் அச்சாகியிருக்காது. பெரும்பாலான பள்ளிகளில் மெட்டு டீச்சரின் சொந்தச் சரக்கு. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அடிகளின் நடுவே ஒரு கோடு போட்டு ‘பெருங்’, ‘பல’, ‘மணல்’ என்று ஒற்றைச் சொல் தொங்குகிறதே, அதுதான் தனிச்சொல். ‘வந்தேன்’ என்று நிறுத்தி, பெஞ்சைத் தட்டி, மூச்சு வாங்கி, ‘பெருங்’ என்று அடுத்த அடிக்குத் தாவுகிற இடம் அது. இதே அமைப்பு கவிமணியின் இன்னொரு பாட்டிலும் உண்டு, அதைக் கட்டாயம் மறந்திருக்க மாட்டீர்கள்: ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி’. அந்தப் பசு மெட்டில் ‘கல்லும் மலையும் குதித்துவந்தேன் – பெருங் காடும் செடியும் கடந்துவந்தேன்’ என்று பாடிப் பாருங்கள், அப்படியே உட்காரும். மூன்றாம் அடியில் மட்டும் ‘எங்கும்நான்’ என்பதைக் கொஞ்சம் விரட்டிப் பாட வேண்டும்.

பேத்தி கேட்டால் சொல்ல: கவிமணி 1876-இல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர். பள்ளியிலும் பிறகு திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தவர். 1954-இல் காலமானார். அவர் ஊர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. தேரூர்க் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுசீந்திரம் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றினால் பார்க்கலாம். பழையாறும் அந்தப் பக்கம்தான். குளமும் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊரில் பிறந்தவருக்கு, ஆற்றின் வேலை என்ன என்று கேட்டால் ‘ஏரி குளங்கள் நிரப்புவது’ என்றுதான் முதலில் தோன்றும். மலை, காடு, சமவெளி என்று ஆறு இறங்கிவரும் வரிசையும் பாட்டில் பிசகாமல் இருக்கிறது. பூகோள வாத்தியாருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: ‘வட்டமான தட்டு’ பாட்டில் எட்டு லட்டையும் கிட்டுவே தின்றுவிடுவான் என்கிறாள் என் அக்கா. தங்கைக்கும் உண்டு என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் சொல்வதுதான். ‘எட்டில் பாதி விட்டு, எடுத்தான் மீதம் கிட்டு’ என்று வருகிறதல்லவா? கிட்டுவுக்கு நான்கு, தங்கை பட்டுவுக்கு நான்கு, கடைசியில் காலித் தட்டு. எழுதிய அழ. வள்ளியப்பா வங்கி ஊழியர், கணக்கு இடிக்காது. அக்காவுக்கு ஏன் அப்படி நினைவிருக்கிறது என்பதை உங்கள் வீட்டு லட்டு விவகாரங்களை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் சின்ன வயசிலேயே யாழ்ப்பாணத்தை விட்டு வந்திட்டன். அம்மம்மா ஒரு பாட்டுப் படிப்பிச்சவ. ஆரோ ஒராள் நித்திரை கொள்ளாமல், கூலியும் வாங்காமல் காவல் நிப்பார். ‘சேவகா, சேவகா’ எண்டு திரும்பத் திரும்ப வரும். ஆர் அந்தச் சேவகன்? இது பள்ளிக்கூடப் பாட்டோ, அம்மம்மாவின்ர சொந்தப் பாட்டோ?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: அச்சான பாட்டுத்தான் அம்மா. உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடியது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ‘கத்தரி வெருளி’.

கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று
காவல் புரிகின்ற சேவகா – நின்று
காவல் புரிகின்ற சேவகா
மெத்தக் கவனமாய்க் கூலியும் வாங்காமல்
வேலை புரிபவன் வேறுயார் – உன்னைப்போல்
வேலை புரிபவன் வேறுயார்

அந்தச் சேவகன் வெருளி. இந்தப் பக்கத்தில் நாங்கள் சோளக்கொல்லைப் பொம்மை என்போம். கூலி வாங்காமல், கண் இமைக்காமல் நிற்பது வேறு யாரால் முடியும்? புலவர் அதை ஒரு நிஜக் காவல்காரன் மாதிரியே புகழ்ந்துகொண்டு போவார், ஒரு சிரிப்பும் காட்டமாட்டார். பாட்டின் ருசியே அதுதான். ‘சேவகா’ திரும்பத் திரும்ப வருவதாகச் சொன்னீர்களே, அதுவும் சரியான ஞாபகமே. ‘சேவகா’, ‘வேறுயார்’ என்று முடியும் அடியைச் சொல்லி, மறுபடி அதையே பிடித்து இழுக்கும் அமைப்பு. ஒரு பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வசதி.

தங்கத் தாத்தா என்று அவரைச் செல்லமாகச் சொல்வார்கள். ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே’ பாட்டும் அவருடையதுதான். பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் வரும் பாட்டு. அம்மம்மா அதையும் படிப்பித்திருப்பார், கொஞ்சம் முணுமுணுத்துப் பாருங்கள், வரும். முழுப் பாடல்களுக்கு ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற அவருடைய தொகுப்பைத் தேடுங்கள். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் தளத்தில் தொடங்கலாம்.

கேள்வி: இப்படிப் பாதி மறந்த பாட்டுகளை நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதல் வேலை, யாரிடமும் கேட்பதற்கு முன் நினைவிருப்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். தப்புத் தப்பாகவே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த மாதிரி ஒருமுறை பாடிவிட்டால் போதும், உங்கள் வரி போய்விடும், அப்புறம் அவருடையதுதான் வாயில் வரும். வகுப்புத் தோழர்களிடம் கேட்பதென்றாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் முதலில் பதில் போட்டவர் சொன்னதே தீர்ப்பாகிவிடும்.

இணையத்தில் தேடும்போது கதையை வைத்துத் தேடாதீர்கள். ‘ஆற்றைப் பற்றிய பாட்டு’ என்றால் ஆயிரம் வரும். அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றுங்கள்: ர – ற, ல – ள – ழ, ன – ண. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் பாருங்கள். ‘குதித்துவந்தேன்’ ஒரு பதிப்பில் ஒரே சொல்லாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாக இருக்கும்.

பிறகு புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல்தான் வந்தது. அதற்கு முன்பு தனியார் பதிப்பகங்களின் வாசகப் புத்தகங்களும் பள்ளிகளில் இருந்தன. ஆகவே ஒரே ஆண்டில் மூன்றாம் வகுப்புப் படித்த இருவர், இருவேறு பாட்டைப் படித்திருக்கலாம். பழைய பாடப்புத்தகத்தை நம் வீடுகளில் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டோம். சென்னையில் இருப்பவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் விசாரிக்கலாம். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகவே கொடுக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்களுக்குள் சொல்லைத் தேடுவது பல நேரம் பலிக்காது. பொருளடக்கத்தைத்தான் பொறுமையாகப் புரட்ட வேண்டும்.

எங்கும் கிடைக்காத பாட்டும் உண்டு. டீச்சரே கட்டிப் பாடியதாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் வகுப்பில் படித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் அது இருக்காது. உங்களுக்குத் தெரிந்த அளவுக்குப் போனில் பாடிப் பதிவு செய்து வையுங்கள்.

எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எந்த வகுப்பு, ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று குறிப்பிடுங்கள். எங்கே கை தட்டினீர்கள், எங்கே குதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அர்த்தமில்லாத சொல் ஏதாவது நினைவிருந்தால் அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.