தம்பியை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

கேள்வி: எனக்கு 24 வயது. கணித ஆசிரியையாக வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கள்கிழமை ஏழாம் வகுப்பில் முதல் பாடம், 40 பிள்ளைகள். நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது, தொண்டை அடைக்கிறது. பேச வேண்டியதை 11 பக்கம் எழுதி, பத்து நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறேன். அதற்கும் வீட்டில் தடங்கல். நேற்றுகூட ஏழாவது படிக்கும் தம்பி, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று நோட்டோடு வந்தான். ஒத்திகை கெட்டுவிடும் என்று அனுப்பிவிட்டேன். என் பயம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைப்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வியர்வை, வறண்ட தொண்டை, தூக்கம் போன இரவு எல்லாம் நான் பலமுறை படித்தவை. பள்ளி திறக்கும் சமயத்தில் இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வரும். ஆனால், பாடம் நடத்திப் பழகுவதற்காக, பாடம் கேட்க வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்குத் ‘தடங்கல்’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொல்லைப் படித்தபோதுதான்.

நீங்கள் எடுக்கப்போகிற அதே வகுப்புப் பையன். யாரும் விரட்டாமல், பரீட்சைக்கு இல்லாமல், ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அப்படி ஒரு கேள்வி தன் வகுப்பில் எழாதா என்று வருஷம் முழுக்க ஏங்குகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 11 பக்கத்தில் அவன் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா? ‘குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண்’ என்ற விதி கட்டாயம் இருக்கும். ஏன் என்பது இருக்காது. இருந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்பியிருப்பீர்கள். ஒத்திகை கெட்டுவிடும் என்றது சாக்கு என்றே நினைக்கிறேன். தம்பி முன்னால் தடுமாறிவிடுவோமோ என்று பயந்திருக்கிறீர்கள். கண்ணாடிக்கு முன்னால் அந்தப் பயம் கிடையாது, அது எதிர்க்கேள்வி கேட்காது. அதனால்தான் பத்து நாள் நின்றும் உள்ளங்கை வியர்ப்பது நிற்கவில்லை.

வீட்டில் ஒருவர் படித்து மேலே வந்தால், அந்தப் படிப்பு அவருக்கு மட்டும் சொந்தமானது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் கூடப்பிறந்தவனுக்குப் பங்கு உண்டு. வேலை கிடைத்ததும் அக்காவின் கடமை கூடுமே தவிரக் குறையாது. சொந்தத் தம்பிக்கு ‘அப்புறம் வா’ என்று சொல்லிப் பழகிய வாய், 40 பிள்ளைகளில் கடைசி பெஞ்சில் கை தூக்குகிறவனிடமும் அதையே சொல்லும்.

இன்றைக்கு ராத்திரியே அவனைக் கூப்பிடுங்கள். முதலில் ‘நேற்று நான் செய்தது தப்பு’ என்று சொல்லுங்கள். பெரியவர்கள் சின்னவர்களிடம் அப்படிச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. அப்புறம் 11 பக்கத்தையும் மூடிவைத்துவிட்டு, அவன் நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0. ஒவ்வொரு வரிக்கும் விடை எவ்வளவு கூடுகிறது என்று கேளுங்கள். மூன்று மூன்றாகக் கூடுகிறது என்று அவனே சொல்வான். அடுத்து (−1) × (−3) என்று எழுதிவிட்டுப் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

அந்த மௌனத்தைத்தான் நீங்கள் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, கூடுதல் பேர் வாய் திறந்தார்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு மூன்று வினாடி ஒரு யுகம். தம்பியோடு உட்கார்ந்தால் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும். அவன் முகம் எந்த இடத்தில் சுருங்குகிறது, எந்த வரியில் மலர்கிறது என்று பாருங்கள். திங்கள்கிழமை நீங்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

மறைப்பது எப்படி என்று கேட்டீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். அட்ரினலின் சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே நடப்பது நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிகிறது என்று பேசியவர்கள் நினைத்தார்கள், கேட்டவர்களுக்கோ அவ்வளவு தெரியவில்லை. இந்த விஷயத்தை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு பேசியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். அதனால் மறைக்கிற வேலையை விட்டுவிடுங்கள்.

திங்கள்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் அந்த நான்கு வரியையும் எழுதிவையுங்கள். நான்காவதில் விடை எழுதாதீர்கள். உள்ளே வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகப் பெயர் கேளுங்கள். முதல் பத்து நிமிஷம் அவர்கள் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும், நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடங்கள். நடந்தால் கால் நடுக்கமும் அடங்கும். தெரியாத கேள்வி வந்தால் ‘நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லலாம், ஆனால் மறுநாள் அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் களைத்துப்போய் வீட்டுக்கு வருவீர்கள். தம்பி இன்னொரு கணக்கோடு காத்திருந்தால், தண்ணீர் குடித்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.