செம்மறி ஆட்டின் மூக்கு ஈக்குக் கூட்டுப்புழுப் பருவத்திலேயே முட்டைகள் உருவாவது ஏன்?

மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகள், செம்மறி தும்மும்போது மூக்கிலிருந்து தடித்த புழு தெறித்து விழுவதைப் பார்த்திருப்பார்கள். அது மூக்கு ஈயின் முதிர்ந்த புழு. 2 முதல் 3 செ.மீ. நீளமும் முதுகில் கரும்பட்டைகளும் கொண்ட அப்புழு மண்ணுக்குள் புதைந்து, தன் தோலையே கறுத்து இறுகிய கூடாக மாற்றிக்கொள்கிறது. அதற்குள் புழு ஈயாக உருமாறும் காலமே கூட்டுப்புழுப் பருவம்.

சூலகம் என்பது முட்டை விளையும் உறுப்பு. பெரும்பாலான கொசுக்களுக்கு முட்டை விளைய, இறக்கை முளைத்த பின் குடிக்கும் இரத்தம் வேண்டும். மூக்கு ஈக்கு அந்த வழியே இல்லை. வளர்ந்த ஈயின் வாயுறுப்புகள் குன்றிப்போனவை என்பதால் அது எதையும் உண்பதில்லை. ஆகவே, ஆட்டின் மூக்கறையில் புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பையும் புரதத்தையும் கொண்டே, கூட்டுக்குள் சூலகம் வளர்ந்து, ஒவ்வொரு முட்டையிலும் கருவுக்கான ஊட்டம் நிரம்பிவிடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்தவர்கள், வழியில் சோறு கிடைக்காது என்றறிந்து வீட்டிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டதைப் போன்றது இது. கட்டியது குறைந்தால் பந்தியும் குறையும்: எடை குறைந்த புழுவிலிருந்து வரும் ஈயிடம் முட்டைகளும் குறைவே. உணவே இல்லாத இருட்டுக்குள் அடுத்த தலைமுறை முழுதும் தயாராவது, எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த ஈ ஆட்டின் மூக்கில் முட்டையிடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் இனச்சேர்க்கைக்குப் பின் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால், அது பறந்தபடி மூக்குத் துளையில் பீச்சுவது உயிருள்ள நுண்புழுக்களையே.