பழைய பைக், அடம்பிடிக்கும் கார்ப்பரேட்டர்: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். "வண்டி சரியா ஓடலை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கும்போது கோளாறு வருகிறது, இன்ஜின் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, அதற்கு முன் யாராவது எதையாவது கழற்றினார்களா என்ற மூன்றையும் சொல்லுங்கள். இவை இருந்தால் பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கேள்வி: பல மாதம் ஓட்டாமல் நின்றிருந்த 100 சிசி வண்டி. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் ஆஃப். ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறது. மெயின் ஜெட்டை மாற்றிவிடலாமா அண்ணா?

மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள் தம்பி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெட் என்பது பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட பித்தளைத் திருகு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேளை உண்டு. ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும், கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்குவரை, ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கிறதே, அந்த வெட்டு. கால் முதல் முக்கால்வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும், ஆனாலும் கோளாறைத் தேட இந்தக் கணக்கு போதும். வண்டியின் வேகமோ கியரோ இதில் கணக்கில்லை, கைப்பிடி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. கைப்பிடியிலும் அதன் பக்கத்து உறையிலும் சின்னதாக டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உங்கள் வண்டி முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. அப்படியானால் பைலட் ஜெட்டில் அடைப்பு. நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போலப் படியும். பைலட் ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் அடைவது அதுதான்.

கழற்றும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பவுலின் (கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். செந்தூள் தெரிந்தால் டேங்க் உள்ளே துரு, கார்ப்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் திரும்ப அடைக்கும். நிறம் கறுத்துப் புளித்த வாடை அடித்தால் பழைய பெட்ரோல்.

பிறகு பவுலைத் திறந்து பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடியுங்கள். ஜெட் இருந்த ஓட்டையிலும் ஸ்ப்ரே அடித்தால், ஸ்லைடுக்குப் பக்கத்தில் உள்ள ஊசிமுனை ஓட்டைகள் வழியாக அது பீறிட்டு வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு ஜெட்டில் இல்லை, பாதையில். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். ஒரு ஓட்டையில் அடித்தால் இன்னொன்றிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும். ரப்பர் பாகங்களை முதலில் கழற்றிவிடுங்கள், கிளீனர் அவற்றை ஊதவைத்துவிடும்.

மிக்ஸர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகு இறுக்கினால் அதன் கூர்முனை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் புது கார்ப்பரேட்டர்தான்.

கேள்வி: கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, தானாக நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். மூன்று முறை கார்ப்பரேட்டரைக் கழுவியாயிற்று.

நான்காவது முறை கழுவ வேண்டாம். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். அது இல்லையென்றால், நின்ற அந்த நிமிடத்திலேயே ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். காயில் சூடாகி ஓய்ந்துபோவதும் இதே குணத்தைக் காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் நல்ல ஸ்பார்க்தான் இருக்கும், ஏமாந்துபோவீர்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் ப்ளக், ஸ்பார்க், வால்வு இடைவெளி, ஏர் ஃபில்டர். இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் கார்ப்பரேட்டர் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: வண்டியை நிறுத்திவைத்தால் ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டுகிறது. தட்டினால் நிற்கிறது. தட்டிக்கொண்டே ஓட்டலாமா சார்?

கூடாது. பவுலில் மிதக்கும் ஃப்ளோட் மேலெழும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசிதான் ஃப்ளோட் நீடில். அது உட்காரும் இடத்தில் தூசி, அல்லது நீடிலின் ரப்பர் முனையில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருக்கிறது. நகத்தால் தடவினாலே அந்த வளையம் தட்டுப்படும். தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், அதை ராவிச் சரிசெய்ய முடியாது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை, மூழ்கிவிடும்.

பெரிய ஆபத்து வேறு. சொட்டும் பெட்ரோல் எல்லாம் வெளியே வருவதில்லை. இன்லெட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

கேள்வி: பைலட் ஜெட் ஸ்ப்ரேக்கு அசையவில்லை. தையல் ஊசியால் குத்தினேன், ஓட்டை திறந்துவிட்டது. ஆனால் இப்போது ஐடிலில் கரும்புகை, ப்ளக் கரி பிடிக்கிறது.

ஓட்டையைத் திறக்கவில்லை, பெரிதாக்கிவிட்டீர்கள். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. புது ஜெட் போடுங்கள், ஜெட்டில் பொறித்திருக்கும் அதே அளவு எண்ணில்.

கேள்வி: ஊசி தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெல்லிய கிட்டார் கம்பியால் குத்தினால் ஒன்றும் ஆகாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் ஆயுசு முழுக்க அப்படித்தான் செய்தார். நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பயமுறுத்தவில்லை, கணக்கு சொல்கிறேன். 0.35 மி.மீ. துளை 0.40 ஆனால் கூடியது 0.05 மி.மீ., ஒரு மெல்லிய தலைமுடி அளவு. ஆனால் பெட்ரோல் போவது பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 0.40-ஐ 0.35-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள்: 1.31 வரும். அதாவது சுமார் 30 சதவீதம் அதிகப் பெட்ரோல். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு இந்த விலை. மிக்ஸர் ஸ்க்ரூவால் இதை ஓரளவு மறைக்கலாம், அதனால்தான் உங்கள் மெக்கானிக்கின் வண்டிகள் ஓடின.

கேள்வி: கம்பி 0.23 மி.மீ., துளை 0.35 மி.மீ. துளையைவிடச் சிறிய கம்பி எப்படித் துளையைப் பெரிதாக்கும்? கணக்கு எனக்கும் தெரியும்.

நல்ல கேள்வி, இதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். நேராகப் போய் நேராக வந்தால் பெரிதாக்காது. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுப்பார்கள், சுழற்றுவார்கள். அப்போது கம்பியின் வெட்டிய முனை அரம்போல வேலை செய்யும். துளையின் வாய் விளிம்பு கூராக இருக்க வேண்டும். அது மழுங்கினாலே, விட்டம் மாறாவிட்டாலும் பாயும் அளவு மாறும். கம்பிதான் வேண்டுமென்றால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி எடுங்கள். பித்தளையைவிடச் செம்பு மெது, தேய்ந்தால் இழைதான் தேயும்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். பிஸ்டன் இல்லாத சிரிஞ்ச் ஒன்றைச் செங்குத்தாகக் கட்டி, அடியில் டியூப் வைத்து ஜெட்டை மாட்டுங்கள். 20 மில்லி பெட்ரோல் இறங்க எத்தனை நொடி என்று பாருங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு அதே எண்ணுள்ள புது ஜெட். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் கை நல்ல கை.

கேள்வி: ஒத்துப்போகும், பாருங்கள்.

சந்தோஷம். எத்தனை நொடி என்று அளந்து சொல்லுங்கள். அதுவரை மற்றவர்கள் குத்தாமல் இருங்கள்.

கேள்வி: ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை, மேலேயே நிற்கிறது. சூடானால் இன்னும் மோசம்.

கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கும், அல்லது அங்குள்ள ஓ ரிங் தட்டையாகியிருக்கும். ரப்பரை வளைத்துப் பாருங்கள், வளைக்காமல் பார்த்தால் விரிசல் தெரியாது. வண்டியை ஐடிலில் விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து மேனிஃபோல்டைச் சுற்றி அடியுங்கள். ரேஸ் சட்டென்று மாறினால் அங்கேதான் காற்று நுழைகிறது. சிலர் கார்ப் கிளீனரையே அடிக்கச் சொல்வார்கள். சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்று, ஹேண்டில்பாரை முழுக்க இடதும் வலதுமாகத் திருப்புங்கள். ரேஸ் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, கார்ப்பரேட்டர் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் ஆஃப். என்ன செய்வது?

முதல் கேள்வி.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் பிக்கப் கூடுமாமே?

சத்தம் கூடும். கலவை லீனாகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும். மாட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: டயாஃப்ரம் வைத்த கார்ப்பரேட்டர். பாதிக்கு மேல் முறுக்கினால் இழுவையே இல்லை.

எவ்வளவு முறுக்கும்போது என்று எழுதிய முதல் ஆள் நீங்கள், வாழ்க. இந்த வகையில் உங்கள் கை திறப்பது காற்றுவழியில் திரும்பும் தகடான பட்டர்ஃப்ளையை மட்டும். ஸ்லைடை மேலே தூக்குவது வெற்றிடம். டயாஃப்ரம் ரப்பரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு முழுக்க எழாது. மேல் மூடியைக் கழற்றி, ரப்பரைப் பல்புக்கு நேரே மெல்ல விரித்துப் பாருங்கள். மாட்டும்போது அதன் விளிம்பு பள்ளத்தில் முழுச்சுற்றும் உட்கார வேண்டும், ஓரிடத்தில் மடிந்தாலும் அதே கோளாறு திரும்பும். அதன்மேல் கார்ப் கிளீனர் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கொன்றுவிடும் என்கிறார்களே?

கொல்லாது, குணத்தை மாற்றும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 10 சதவீதம் கலந்தால் தேவை சுமார் 14.1 ஆகும், 20 சதவீதம் என்றால் சுமார் 13.5. ஜெட்டோ பழைய கணக்கில் இருக்கிறது, ஆகவே வண்டி சற்று லீனாக ஓடும். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர் பட் பட்டென்று வெடித்தால், சைலன்சர் ஜாயிண்டில் லீக் இல்லை என்று பார்த்துவிட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவில் கால் சுற்று ரிச் பக்கம் (பெட்ரோல் கூடும் பக்கம்) திருப்புங்கள். நடு முறுக்கில் தயங்கினால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும்.

ரிச் பக்கம் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்க்ரூ ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் ரிச்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஓட்டாமல் வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பவுலைக் காலி செய்துவிடுங்கள். பழைய ரப்பர் டியூப், ஓ ரிங் எல்லாம் ஊதிப் பெருத்தால், எத்தனாலைத் தாங்கும் விட்டான் என்ற ரப்பர் ரகத்தில் மாற்றுங்கள்.

கேள்வி: மைலேஜ் கூட எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும்?

டயர் காற்று, பிரேக் உரசல், செயின். இவற்றைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

கேள்வி: செல்ஃப் ஸ்டார்ட் கடக் கடக் என்கிறது, கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது. கார்ப்பரேட்டரா?

பேட்டரி. எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

கேள்வி: சோக் எடுத்தால் ஆஃப் ஆகிறது...

முதல் கேள்வி, முதல் பதில். மேலே போய்ப் படியுங்கள் ஐயா.

கேள்வி: கம்பிக்காரன்தான். புது ஜெட் 41 நொடி, நான் குத்தியது 37 நொடி. இரண்டும் ஒரே எண். ஆனால் என் புது ஜெட்டே சிறியதாக வந்திருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். இன்னொரு புது ஜெட் வாங்கி அதையும் அளங்கள். அளந்து சொன்னதற்கு நன்றி, இங்கே யாரும் அந்தச் சிரமம் எடுக்கவில்லை.

கேள்வி: பவுல் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது, ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது.

ஜப்பான் கார்ப்பரேட்டர்களில் உள்ள பிளஸ் தலை ஜப்பான் அளவுமுறையில் வெட்டியது. சாதாரணப் பிளஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுக்க இறங்காது, திருப்பும்போது மேலே தள்ளிக்கொண்டு தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். என்று குறித்த ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். இப்போதைக்கு, பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட்டு, ஸ்க்ரூ தலைமேல் டிரைவரை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, பிறகு அழுத்தித் திருப்புங்கள். வராவிட்டால் தலையின் பக்கவாட்டை லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்பலாம். புதிதாகப் போடும்போது ஆலன் கீ தலை உள்ளதாகப் போடுங்கள்.