ஈசிஜி சரி என்றால் நெஞ்சு ஏன் இடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. இணுவிலில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டாரில் வேலை. நாலு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. விரல் விறைக்கும், தலை சுற்றும், இப்பவே செத்துவிடுவேன் என்ற பயம் வரும். பஸ்ஸில் சனம் நெரிபடும்போதும் இரவு படுத்தவுடனும்தான் கூட. இரண்டு தரம் இரவிரவாக வைத்தியசாலைக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு "நெஞ்சில ஒண்டுமில்லை, யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படி இடிக்கிறது? மாமி நாவூறு என்கிறா. நாளுக்கு ஆறேழு பிளேன்ரீ குடிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா தான் போடுகிற புரொப்ரனலோல் குளிசையில் இரண்டு தந்திருக்கிறா. போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அக்காவின் குளிசையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். காரணம் பிறகு.

"ஒண்டுமில்லை" என்று அவர்கள் சொன்னது இதயத்தில் பழுது தெரியவில்லை என்ற பொருளில். அடிப்பு பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து என்று மூளை முடிவெடுத்த கணத்தில், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் விடுகின்றன. ஓடுவதற்குத் தசைகளுக்குக் குருதி வேண்டும் என்று இதயம் வேகமெடுக்கிறது. நீங்களோ பஸ் இருக்கையில் அசையாமல் இருக்கிறீர்கள். நியூட்ரலில் நிற்கிற மோட்டார் சைக்கிளை முறுக்கியது போல, வேகம் முழுவதும் சத்தமாகவே கேட்கிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வழமை. இப்படித் திடீரெனப் பயம் மேலெழும் பதகளிப்பில் அது 120, 130 என்று ஏறலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் அதே அளவுக்குத்தான் ஏறும், அப்போது நீங்கள் பயப்படுவதில்லை. நல்ல இதயம் இந்த வேகத்தில் களைத்து நின்றுவிடாது. விரல் விறைப்புக்கும் தலைச்சுற்றுக்கும் காரணம் வேறு. பயத்தில் மூச்சைக் கூடுதலாக இழுத்து விடுவதால் குருதியில் காபனீரொட்சைட்டு குறைகிறது. மூச்சு சீரானால் இரண்டும் தாமாக மாறும்.

பதகளிப்பின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வரும், பிறகு அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போதே அரைவாசி குறைந்திருக்கும். ஆனால் "ஓடி வந்தபடியால்தான் தப்பினேன்" என்று மனம் கணக்கு எழுதி வைத்துவிடும். அடுத்தமுறை ஓடாமல் இருப்பது இன்னும் கடினமாகும். நாடியை அடிக்கடி பிடித்துப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பார்க்கப் பார்க்கப் பயம், பயப்படப் பயப்படத் துடிப்பு. கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

அடிப்பு வரும்போது பெரிய மூச்சு எடுக்க வேண்டாம். "ஆழமாக மூச்சு எடு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள், அது மூச்சுமிகையை, அதாவது தேவைக்கு மேல் மூச்சு விடுவதை, இன்னும் கூட்டும். முதலில் உள்ளே இருப்பதை வாயால் மெதுவாக விடுங்கள். பிறகு மூக்கால் நாலு எண்ணும்வரை சாதாரண அளவில் எடுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வயிற்றில் வைத்த கை அசையவேண்டும், நெஞ்சில் வைத்த கை அவ்வளவாக அசையக்கூடாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு வெளியே போகும்போதுதான் வேகசு நரம்பு இதயத்தைச் சற்று மெதுவாக்குகிறது, அதனால்தான் விடுகிற நேரம் நீளமாக இருக்கவேண்டும். ஆறு எண்ண முட்டினால் மூன்றும் நாலுமாகத் தொடங்கலாம். பொலித்தீன் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் ஆபத்தானது, அது வேண்டாம்.

இதைக் காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போது பழகவேண்டும். நெஞ்சு இடிக்கும்போது முதன்முதலாகச் செய்து பார்த்துவிட்டு "சரிவரேல்லை" என்று விடுபவர்கள்தான் கூட. இன்னொன்று, துடிப்பை நிறுத்தவேண்டும் என்ற நோக்கத்தோடு இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் "குறைஞ்சிட்டுதோ?" என்று பார்த்தால் அதுவும் ஒரு சோதனையாகிவிடும். "இது பதகளிப்பு, ஏறி இறங்கும்" என்று சொல்லிக்கொண்டு செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் உரித்து முடியுங்கள். அடிக்கட்டும்.

இரவுக்கு வேறு காரணங்களும் உண்டு. இடப்பக்கம் சரிந்து படுத்தால் துடிப்பு கூடுதலாக உணரப்படும், வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். தேயிலையிலுள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். மதியத்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம், மொத்தத்தில் இரண்டாகக் குறையுங்கள். ஒரேயடியாக விட்டால் தலையிடிக்கும், மூன்று நாளைக்கு ஒரு கோப்பை வீதம் குறைக்கலாம். வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் இருந்தால் அதுவும் துடிப்பைக் கூட்டும். கட்டாரில் இரவு ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. அந்த நேரத்தில் கடன், வட்டி, வீட்டுப் பிரச்சினைகளைப் பேசிவிட்டுப் படுத்தால் நித்திரை எப்படி வரும்? அந்தக் கதைகளை அவரது விடுமுறை நாளின் பகலுக்குத் தள்ளி வையுங்கள்.

ஈசிஜி எடுத்த அந்தச் சில விநாடிகளை மட்டுமே காட்டும். ஆகவே ஒருமுறை நிதானமாக வைத்தியரிடம் போய், தைரொயிட், ஹீமோகுளோபின், சீனி ஆகிய மூன்றையும் குருதிப் பரிசோதனையில் பார்க்கக் கேளுங்கள். மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களுக்குக் குருதிச்சோகையாலேயே நெஞ்சு வேகமாக அடிக்கும். இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) எடுக்கும் சல்பியூட்டமோல், மூக்கடைப்புக்கான சில குளிசைகள் என்பனவும் இப்படிச் செய்யும். நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சுவிச்சைப் போட்டமாதிரித் தொடங்கி அதேமாதிரி நின்றாலோ, சும்மா இருக்கையில் 150க்கு மேல் போனாலோ, தாளம் தவறி அடித்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தாலோ அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். நாடியை எண்ணுவதற்குப் பெருவிரலை வைக்காதீர்கள், அதற்கே நாடி உண்டு. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், ஒருதரம் போதும். மயங்கி விழுதல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு நோ, வியர்வையுடன் கடும் மூச்சுத்திணறல் என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பஸ்ஸைக் கைவிட வேண்டாம், விட்டால் அடுத்து சந்தை, பிறகு கோயில் என்று வட்டம் சுருங்கும். முதலில் சனமில்லாத பத்து மணிக்கு இணுவிலிலிருந்து கொக்குவில் வரை போய் வாருங்கள். நெஞ்சு அடித்தாலும் இடையில் இறங்காதீர்கள், பயம் பாதியாவது குறைந்தபின் இறங்குங்கள். அதே தூரத்தை அலுக்கும்வரை செய்துவிட்டுத் தட்டாதெரு, பிறகு யாழ்ப்பாணம் பஸ் நிலையம், கடைசியாகப் பள்ளிக்கூட நேரத்துச் சனநெரிசல். ஆரம்பத்தில் தங்கச்சியோ தோழியோ கூட வரலாம், பிறகு தனியே.

மாமி நாவூறு கழிக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. அதோடு நின்றுவிடாமல் இருந்தால் சரி.

புரொப்ரனலோல் துடிப்பைக் குறைக்கும், பயத்தை அவ்வளவாகத் தொடாது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, இரத்த அழுத்தம் குறைவானவர்களைத் தலைசுற்றி விழுத்தும். உங்களுக்குத் தேவையா, எவ்வளவு என்பது பரிசோதித்தவர் எழுதவேண்டியது. மேலே சொன்னவற்றை ஆறு வாரம் போலச் செய்தும் குறையாவிட்டால், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளமருத்துவப் பிரிவுக்குப் போகலாம். உளவளத்துணையும் தேவையென்றால் மருந்தும் அங்கே கிடைக்கும். பதகளிப்புக்கு வழமையாகத் தரும் மருந்துகள் வேலைசெய்ய இரண்டு முதல் நாலு வாரம் போல ஆகும். முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம், அதற்காகப் பாதியில் நிறுத்தாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இரவிலும் வேலை செய்கிறது.