இரண்டாவது பாடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன். தொழில் வேறு, விடுமுறை நாட்களில்தான் கேமராவைக் கையில் எடுக்க முடிகிறது. என்னிடம் இருப்பது ஒரு கிராப் சென்சார் பாடி (படம் பதியும் சென்சார் சற்றுச் சிறியதாக இருக்கும், லென்ஸ் நீங்கலான கேமரா), அதோடு வந்த, அகலமாகக் காட்டும் 18-55 கிட் லென்ஸ், பிறகு சேர்த்து வைத்து வாங்கிய, தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-300 லென்ஸ். பறவைகளும் வீட்டு மனிதர்களும்தான் நான் அதிகம் எடுப்பவை.

இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு பத்து நாள் பயணம் போகிறோம். அதற்குள் இரண்டாவது பாடி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். லென்ஸ் மாற்றும் நேரத்தில் எத்தனையோ படங்கள் கைநழுவியிருக்கின்றன. இருக்கும் ஒரே கேமரா பயணத்தின் நடுவில் மக்கர் செய்தால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. கூடப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர், "ஒரே பாடியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் வளர முடியாது, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் ஒன்று வாங்கு" என்கிறார். மனைவியோ, "இருக்கிற ஒன்றே மாதத்தில் இருபது நாள் பைக்குள்தானே கிடக்கிறது" என்கிறார். போதாததற்குப் பதினொரு வயது மகள், நான் கேமராவை எடுக்கும்போதெல்லாம் "அப்பா, நான் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் காரணங்களுக்காக என்றால், வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் வேறொரு காரணம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டு பாடி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஃபிலிம் காலத்திலேயே ஊன்றிவிட்ட ஒன்று. 36 படம் கொண்ட ரோலை உள்ளே போட்டுவிட்டால் அது முடியும்வரை அதுதான். வெயிலுக்கு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100 போட்டிருப்போம், சாயங்காலம் அறைக்குள் வந்தால் 400 வேண்டும். ஒன்றில் கலர், இன்னொன்றில் கறுப்பு வெள்ளை என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ரோலைப் பாதியில் கழற்றிவிட்டு மறுபடி போடுவது பெரிய தொல்லை. இன்று படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை மாற்றுகிறோம், கறுப்பு வெள்ளையைப் பிறகு கணினியில் முடிவு செய்துகொள்கிறோம். அந்தத் தேவை தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணம் எடுப்பவர்கள் இன்றும் இரண்டைச் சுமக்கிறார்கள் என்றால், அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் வாழ்க்கையில் திரும்ப வராத ஒரு நாளை எடுக்கிறார்கள். கேமரா நின்றுவிட்டது என்று அங்கே சொல்ல முடியாது. உங்கள் மீது அந்தப் பாரம் இல்லை. படம் எடுப்பதில் அதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சுதந்திரம் என்று நான் நினைக்கிறேன்.

லென்ஸ் மாற்றும் விஷயத்துக்கு வருவோம். நான் ஒருமுறை குளக்கரையில் 70-300 மாட்டிக்கொண்டு மீன்கொத்திக்காகக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. பனி விலகி வெளிச்சம் அழகாக விழவே, குளத்தை முழுதாக எடுக்கலாமே என்று லென்ஸைக் கழற்றினேன். ஒரு கையில் பாடி, மறு கையில் பெரிய லென்ஸ், அதன் பின்மூடி சட்டைப் பையில், மாட்ட வேண்டிய லென்ஸ் பையின் அடியில். சரியாக அப்போது எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தது. அந்த நீல முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது தண்ணீரில் பாய்ந்து மீனோடு திரும்பி வந்து, மீனைக் கிளையில் இரண்டு தட்டு தட்டி விழுங்கிவிட்டுப் பறந்த பிறகும் என் கையில் கேமரா பாதியாகத்தான் இருந்தது.

அன்று இன்னொரு பாடி இருந்திருந்தால் கிடைத்திருக்கும், உண்மைதான். அதே சமயம், பறவைக்கென்று போன காலையில் அந்த லென்ஸைக் கழற்றாமலே இருந்திருந்தாலும் கிடைத்திருக்கும். அதன் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எந்த லென்ஸ் என்று முடிவு செய்து, மதியம்வரை அதிலேயே இருக்கிறேன். 300ஐ வைத்துக்கொண்டு நிலக்காட்சியைப் பார்த்தால் தூரத்து மலை மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கி வருவதும், ஒற்றை மரம் தனியாகப் பிரிந்து நிற்பதும் கண்ணில் படுகின்றன. அகல லென்ஸ் இருந்திருந்தால் அந்தப் படங்களை எடுத்திருக்கவே மாட்டேன்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கையைப் பழக்குங்கள். கேமராவை அணையுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியைப் பைக்குள்ளேயே தளர்த்தி வைத்துவிட்டுப் பிறகு பழையதைக் கழற்றுங்கள். பாடியின் வாய் எப்போதும் தரையைப் பார்த்திருக்கட்டும். பாடியின் புள்ளிக்கு நேராக லென்ஸின் புள்ளியை வைத்துத் திருப்பினால் 'டக்' என்று விழும். வீட்டில் கட்டில் மேல் உட்கார்ந்து முப்பது தடவை செய்து பாருங்கள், பத்து விநாடிக்குள் வந்துவிடும். சென்சாரில் தூசி விழுந்தாலும் கலங்க வேண்டாம். லென்ஸின் துளை அகலமாக இருக்கும் எஃப் 5.6இல் கண்ணுக்கே தெரியாது, துளையை எஃப் 16க்கு மேல் மூடி வானத்தை எடுத்தால்தான் சாம்பல் பொட்டாகத் தெரியும். கையால் அமுக்கி ஊதும் ரப்பர் பல்ப் ஒன்று பையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். வாயால் மட்டும் ஊதாதீர்கள்.

நண்பர் சொல்லும் ஃபுல் ஃப்ரேம் உங்களுக்கு இப்போது உதவாது. உங்கள் 300, கிராப் சென்சாரில் ஒன்றரை மடங்கு கணக்கில் 450 போலப் பார்க்கிறது. ஃபுல் ஃப்ரேமில் அது வெறும் 300, பறவை சின்னதாகிவிடும். கிராப்புக்காகச் செய்யப்பட்ட 18-55 சில மவுன்ட்களில் (லென்ஸ் மாட்டும் வாயின் வகை) ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. மாட்டினாலும் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்த முடியும், 24 மெகாபிக்சலில் 10 சொச்சம்தான் மிஞ்சும். அப்புறம் லென்ஸும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். பாடிக்கும் வளர்ச்சிக்கும் முடிச்சுப் போடுவதை நான் ஏற்கவில்லை.

நானும் இரண்டு வருடம் இரண்டு பாடியோடு அலைந்தவன். ஒன்றில் 35, இன்னொன்றில் 70-200 எஃப் 2.8. இந்த இரண்டாவது ஜோடி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். மதியத்துக்குள் இடது தோள் பிடித்துக்கொள்ளும், குனிந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதைவிட மோசம், எதைக் கண்டாலும் எந்தக் கேமராவை எடுப்பது என்ற யோசனை முதலில் வந்து நின்றது. ஒரு கேமரா மட்டும் இருந்தபோது நான் இரண்டடி முன்னால் நடந்திருப்பேன். இரண்டு வந்த பிறகு நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த இரண்டு வருடப் படங்களைத் திரும்பப் பார்த்தால் எல்லாமே ஒரு ஓரத்திலிருந்து எடுத்தவை போல இருக்கின்றன. ஒன்றை விற்றுவிட்டேன்.

பயம் என்று சொன்னீர்களே, அதை லேசாகத் தள்ள மாட்டேன். நான்கு நாள் மலைப் பயணம் ஒன்றில் இரண்டாம் நாள் விடியற்காலை என் ஷட்டர் பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. திரையில் எரர் என்று வந்தது, அவ்வளவுதான். மிச்ச நாட்களை மொபைலில் எடுத்தேன், மனம் ஆறவில்லை. ஆனால் இருபது வருடத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவை. பேட்டரி தீர்ந்து நின்றதும், கார்டு நிறைந்து பழைய படங்களை அவசரமாக அழித்ததும் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஆகவே முதலில் இரண்டு பேட்டரி, இரண்டு நல்ல கார்டு. தினமும் இரவு படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். பாடி போனால் இன்னொன்று வாங்கலாம், ஐந்து நாள் படங்கள் இருந்த கார்டு போனால் என்ன செய்வீர்கள்? அதற்கும் மேல் மனம் கேட்கவில்லையென்றால் பத்து நாளுக்கு ஒரு பாடியை வாடகைக்கு எடுங்கள். அதே மவுன்ட், முடிந்தால் அதே பேட்டரி. இரண்டு நாள் முன்பே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது மகள் விஷயம்.

1969 ஜூலையில் நிலவில் இறங்கிய இருவரும் வெளியே நடந்தபோது பயன்படுத்தியது ஒரே ஒரு ஹாசல்பிளாட் கேமரா. பெரும்பாலான நேரம் அது ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்தது. அதனால் நமக்குத் தெரிந்த நல்ல படங்களில் நிற்பவர் ஆல்ட்ரின். நிலவில் முதலில் கால் வைத்தவர், அவற்றில் மிகப் புகழ்பெற்ற படத்தில், ஆல்ட்ரினின் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு சின்ன உருவமாகத் தெரிகிறார். உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எட்டு வருடப் படங்களில் நீங்கள் எத்தனையில் இருக்கிறீர்கள்? மகள் உங்களை எப்படிப் பார்க்கிறாள் என்பதற்கு ஒரு படமாவது இருக்கிறதா?

இரண்டாவது பாடி வாங்குவதென்றால் அவளுக்காக வாங்குங்கள். புதியது வேண்டாம். உங்கள் மவுன்ட்டிலேயே, உங்களுடையதைவிடப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, எடை குறைந்த ஒரு செகண்ட் ஹேண்ட் பாடி போதும். வாங்கும்போது ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு லட்சம் தாங்கும் என்று சொல்லப்படும் ஷட்டர் எண்பதாயிரம் ஓடியிருந்தால் அடுத்ததைப் பாருங்கள். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வேறு கம்பெனி பாடி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நிக்கானில் லென்ஸைத் திருப்பி மாட்டும் திசையும் கேனனில் மாட்டும் திசையும் நேர் எதிர். லென்ஸையோ பேட்டரியையோ நீங்கள் இருவரும் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

18-55ஐ அவளிடம் கொடுத்துவிட்டு 70-300ஓடு நீங்கள் இருங்கள். நீங்கள் மரத்தைப் பார்த்து நிற்கும்போது அவள் பக்கத்தில் இருப்பதை எடுப்பாள். உங்கள் லென்ஸ் பிரச்சினையும் அத்தோடு பாதி தீர்ந்துவிடும். வாரை அவள் உயரத்துக்குக் குறைத்துக் கட்டுங்கள். முதல் நாளே எதையும் திருத்த வேண்டாம். சாய்ந்த படமும் தலை வெட்டுப்பட்ட படமும் வரட்டும், அழிக்காமல் வைத்திருங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு குடும்ப விழாவை எடுத்துவிட்டு, பதினொரு நிமிட வித்தியாசத்தால் படங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து, இரண்டு இரவு உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். சரியாக வைத்திருந்தால், நீங்கள் பறவையை எடுத்த அதே நிமிடத்தில் அவள் என்ன எடுத்தாள் என்று கணினித் திரையில் அடுத்தடுத்து வந்து நிற்கும். திரும்பி வந்ததும் அவள் எடுத்ததில் ஒன்றிரண்டு எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.